சவர மலைகளுக்குச் சென்ற மூவர்

ஒடிசாவின் தென்பகுதியிலுள்ள கஜபதி, ராயகடா மாவட்ட மலைகளில் சவரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1936ஆம் ஆண்டுவரை இம்மலைகள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தமையால் நமக்கு முற்றும் அந்நியமானவை அல்ல. வெளியிலிருந்து அங்குச் சென்ற மூவரைப்பற்றி இங்கு எண்ணிப்பார்க்க விரும்புகிறோம்.

முதலாமவர் பர்லாகிமிடியில் ஆசிரியராயிருந்த கிடுகு வேங்கட ராமமூர்த்தி. தெலுங்கில் பேச்சுநடைக்காகப் போராடிய இவர், எழுத்தில்லாத சவர மொழியைக் கற்று, அம்மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் ஏற்படுத்தவும் முயன்றார். அவருடைய சவர இலக்கணம் 1931இலும் அகராதி 1938இலும் வெளிவந்தன.

இரண்டாமவர் வெரியர் எல்வின். சியரா லியோன் பேராயரின் மகன். ஆக்ஸ்போர்டில் இறையியல் பயின்று, 1927இல் பூனாவிலிருந்த கிறிஸ்த சேவா சங்கத்திற்கு வந்தவர். காந்தியடிகளோடு நெருங்கிப் பழகிய அவருக்கு நாகபுரி அத்தியட்சர் உரிமம் அளிக்கவில்லை. 1932இல் கரஞ்சியா என்னும் சிற்றூரில் கோண்டு மக்களிடையே குடியேறிய எல்வின், 1935இல் திருச்சபையை விட்டே விலகினார். பின்னர் பைகர், முரியர், போண்டோ, வடகிழக்கு எல்லை மக்கள் என அவருடைய பயணம் 1964இல் மறையும்வரை நீண்டது. சவரரின் சமயத்தைப்பற்றிய பெருநூல் 1955இல் வெளியாயிற்று.

அந்நூலில் சுவரோவியங்களைப்பற்றிய பகுதி நம் கருத்தை ஈர்ப்பது. சவரர் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவினால் உருவங்களை வரைவர். அது அலங்காரமன்று, மரித்தவருக்கோ, நோய் தந்த ஆவிக்கோ தங்குமிடமாக வரையப்படுவது. யானையும் குதிரையும் மட்டுமன்றி ஆகாயவிமானமும் அதில் இடம்பெறும்! மரித்தோர் காலத்திற்குப் பின்தங்கியவர் அல்லர் போலும். திருநெல்வேலியில் நம் முன்னோரின் வழிபாட்டைப் 'பேய் வணக்கம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிய மிஷனெரி நூல்களைப் பயின்ற நமக்கு, குருத்துவத்தைத் துறந்த ஒருவர் இதனைச் சமயம் என்றே அழைத்தமை சற்று வெட்கத்தைத் தருகிறது.

எனினும் எல்வினிடம் குறையில்லை என்று கூறமாட்டோம். 1939இல் பைகருக்கெனத் தனிக்காப்பிடம் வேண்டுமென்று அவர் எழுதினார். பின்னர் அக்கருத்தினின்று விலகினார். மலைவாழ் மக்கள் மாறாதிருக்கவேண்டும் என்ற ஏக்கம் அவரை எளிதில் விடவில்லை. சவரரோ மாற விரும்பினர். 1936இலேயே மங்கேய் கமாங்கோ என்னும் சவரர் தம் மொழிக்கு ஓர் எழுத்துமுறையை வகுத்தார், அவ்வெழுத்துக்களே வணக்கத்திற்குரியனவாயின. அதிகாரியின் தாளையும் வணிகனின் கணக்கையும் வாசிக்க அறியாத மக்களுக்கு எழுத்து எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாமவர் பியர்ஸ் வைட்டெப்ஸ்கி என்னும் மானிடவியலார். 1970களில் அங்குச் சென்று மொழியைக் கற்ற அவர், மரித்தோரோடு சவரர் உரையாடுவதைக் கேட்டார். பூசாரிப் பெண் தன்னை மறந்த நிலையில் இருக்க, அவள் வாய்வழியே மரித்தவர் பேசுவார். உறவினர் அழுவர், வழக்காடுவர், சிரிக்கவும் செய்வர். மரித்தவர் முதலில் தம்மைக் கொன்ற நோயையே உயிரோடிருப்போருக்கும் தருவார். பல ஆண்டு உரையாடலால் அவர் சினம் தணிந்து, குழந்தைக்குத் தம் பெயரை அளிக்கும் முன்னோராவார். இறுதியில் கீழுலகிலும் மரித்து வண்ணத்துப்பூச்சியாகிவிடுவார்; அப்பொழுது அவரை நினைப்போரும் இரார்.

கனடா பாப்திஸ்து மிஷனெரிகள் இம்மலைகளில் ஊழியம் செய்திருந்தனர். வைட்டெப்ஸ்கி மீண்டும் மீண்டும் சென்றபொழுது, இளந்தலைமுறையினருள் மிகப்பலர் பாப்திஸ்தராயிருந்தனர். கல்வியோடும் துதிப்பாடல்களோடும் அவர்கள் சபைக்கு வந்தனர். மரித்தோர் உரையாடல் அருகிவிட்டது. இம்மாற்றத்தை அவர் 2017இல் வெளியிட்ட நூல் இழப்பு என்றும் மீட்பு என்றும் ஒருங்கே அழைக்கிறது. சவரத் தாய் ஒருத்தி தன் பிள்ளையை அடக்கம்பண்ணி வீடு திரும்பும்பொழுது, முன்னர் பல ஆண்டுகள் நீண்ட அப்பேச்சு இப்பொழுது கல்லறையருகே ஒரு ஜெபத்தோடு முடிகிறது. அவளுடைய போதகர் அடுத்த வாரமும் அவ்வீட்டிற்குச் செல்வாரா?