ரேகைச் சட்டமும் ஓமந்தூராரும்

சென்னையில அரசினர் தோட்டம் மெட்ரோ பக்கம் போறவங்களுக்கு ஓமந்தூரார்னா ஒரு மருத்துவமனை. ஆனா அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருக்கார். திண்டிவனம் பக்கத்துல இருக்கிற ஓமந்தூர்க்காரர், ராமசாமி ரெட்டியார். விவசாயக் குடும்பம். நாடு விடுதலை ஆனப்போ சென்னை மாகாணத்தோட பிரதமர் அவர்தான். அவர் ஆட்சியில ரத்தான ஒரு சட்டத்தைப் பத்தி இன்னைக்குச் சொல்றேன்.

அதுக்குப் பேரு குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல வட இந்தியாவுல ஆரம்பிச்சு, 1911-ல சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே 'குற்றப் பழங்குடி'ன்னு அறிவிச்சுடலாம். யாரும் திருடியிருக்கணும்னுகூட இல்ல, அந்தச் சமூகத்துல பிறந்தா போதும். கைரேகை எடுப்பாங்க. ராத்திரியில ஸ்டேஷன்ல ஆஜராகணும். அதனால ஜனங்க இதை 'ரேகைச் சட்டம்'னே சொன்னாங்க.

யாரு மாட்டினாங்க? உப்பும் தானியமும் ஊர் ஊரா சுமந்து வித்த குறவர்கள் ஒரு உதாரணம். உப்பு மேல அரசாங்கத்தோட பிடி இறுகுச்சு, ரயிலும் வந்துடுச்சு. பிழைப்பு போச்சு. பிழைப்பைப் பறிச்ச அரசே அவங்களைச் சந்தேகப் பட்டியல்லயும் சேர்த்தது. தென்னாற்காட்டுல அஜீஸ் நகர்னு ஒரு குடியிருப்பு அமைச்சு, மக்களை அங்க கண்காணிப்புல வச்சாங்க.

எதிர்ப்பு வராம இருக்குமா? 1920 ஏப்ரல் 3. மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர். கைரேகை வைக்க மாட்டோம்னு பிரமலைக் கள்ளர்கள் மறுத்தாங்க. போலீஸ் சுட்டது. மாயக்காள்ங்கிற பெண்ணையும் சேர்த்து 16 பேர் பலியானதா நினைவுகூருறாங்க.

இதே மாகாணத்தோட வடக்குக் கோடியில, 1922 ஆகஸ்ட்ல, ரம்பா மலைப் பழங்குடிகள் அல்லூரி சீதாராம ராஜு தலைமையில மூணு போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கி ஆயுதங்களை எடுத்தாங்க. அங்க காரணம் வனச் சட்டம். காட்டுல விவசாயம் பண்றதே தப்புன்னு ஆக்கிட்டாங்க. 1924 மே மாசம் ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். ரெண்டு ஊர்லயும் நடந்தது ஒண்ணுதான்: வாழ்ற முறையையே குற்றமாக்கினது.

பெருங்காமநல்லூருக்கு அப்புறமும் சட்டம் 27 வருஷம் நீடிச்சது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், ஜார்ஜ் ஜோசப்னு பலர் எதிர்த்துப் போராடினாங்க. கடைசியில 1947-ல, ஓமந்தூரார் ஆட்சியில, சென்னை மாகாணம் அதை ரத்து பண்ணுச்சு. இந்தியா முழுக்க ரத்தாக 1952 ஆகஸ்ட் 31 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கயே கதை முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா 1948-ல, அதே ஆட்சியில, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்துற சட்டம் ஒண்ணு வந்தது. சமூகத்தை விட்டுட்டு இது தனி ஆளைப் பார்த்தது. அது பெரிய வித்தியாசம். ஆனா ஸ்டேஷன்ல இருந்த பழைய சந்தேகம் ஒரு கையெழுத்துல அழியுமா? அந்தச் சமூகங்களுக்கு இன்னைக்குச் 'சீர்மரபினர்'னு பேரு. எங்கயாவது திருட்டு நடந்தா முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டுறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. ரத்தான சட்டம் இன்னும் எங்க உயிரோட இருக்குன்னு தெரியும்.