தலைமடையில் பேசாத பேச்சு

போன மாசம் நீடாமங்கலம் போயிருந்தபோது சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய மடிக்கணினி இறங்கியது. தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி செத்துப்போய்விட்டது, ஆனால் சார்ஜரைச் சொருகியதும் உயிர் வந்தது. விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்டது. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது நம்ம கவர்மெண்டே செஞ்சதுதானே? அப்ப வெளி ஆளு எவனும் உள்ள பூர முடியாதுல்ல?" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் இடைமுகம் கொடுத்தார்கள், அரசு அலுவலகங்களுக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள். ஆனால் அடித்தளம் டெபியன். டெபியனுக்கு அடியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல். எங்க ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. பாமணியாற்றுக் கரையில் நீங்கள் எவ்வளவு நல்ல மடை கட்டினாலும் தண்ணீர் என்னவோ மேலிருந்துதான் வருகிறது. மென்பொருள்காரர்களும் மூலத்திட்டத்தை 'அப்ஸ்ட்ரீம்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கல்லணை ஞாபகம் வரும்.

கீழே ஒருவர் நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு டெபியன் கதையே போதும். 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் பொதியைக் கவனித்துவந்த டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், வால்கிரைண்ட் என்கிற சோதனைக் கருவி சில வரிகளைப் பற்றி எச்சரிக்கை கொடுத்ததைப் பார்த்தார். துவக்க மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் படிக்கிறது என்பது புகார். நியாயமான புகார்தான். ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் எடுத்துவிடலாமா என்று கேட்டார், பிழை தேட உதவுமென்றால் எடுக்கலாம் என்கிற மாதிரி பதில் வந்தது. எடுத்துவிட்டார். திருத்திய கோப்பை முறையாக மேலே அனுப்பி, அந்தக் குறிமுறையை எழுதியவர்கள் வரி வரியாகப் பார்க்கும்படி செய்யவில்லை.

எடுத்த வரிகளில் ஒன்றுதான் சாவி உருவாக்கத்துக்கு வேண்டிய சீரற்ற தன்மையை உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் மிச்சம் இருந்தது இயங்கும் நிரலின் அடையாள எண் மட்டும். அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள். அதாவது கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இரகசியச் சாவியை, ஒரு சாதாரணக் கணினி மொத்தப் பட்டியலையும் போட்டுத் தேடி எடுத்துவிடலாம். 2006 செப்டம்பரில் நுழைந்த இந்தப் பிழையை லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்றுதான் அறிவிப்பு வந்தது. உபுண்டு உட்பட டெபியனிலிருந்து கிளைத்தவையும் மாட்டிக்கொண்டன. மென்பொருளைத் திருத்தினால் மட்டும் போதாது, அந்த இருபது மாதத்தில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்!

குறிமுறை முழுக்கத் திறந்தேதான் கிடந்தது. எவர் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு.

இனி நம்ம சென்னைக் கதை. இது இணையத்தில் அதிகம் பேசப்படாதது. சென்னை ஐஐடியும் சி-டாக் சென்னையும் சேர்ந்து 'மூல்' என்று ஒரு திட்டம் செய்தன. மினிமலிஸ்டிக் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் லினக்ஸ். பேராசிரியர் டி. ஜானகிராமின் ஆய்வகம். லினக்ஸ் கெர்னலின் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஓரிடத்தில் கைவைத்தால் இன்னோரிடத்தில் உடைகிறது, ஆகவே பொருள்நோக்கு முறையில் பிரித்து அடுக்குவோம், சாதன இயக்கிகளை சி++ மொழியில் எழுத வழி செய்வோம் என்பது அதன் யோசனை. இயக்கிகளைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் உண்டு. 2001-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கெர்னலின் மற்ற பகுதிகளைவிட இயக்கிகளில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்று காட்டியிருந்தார்கள்.

ஆனால் தலைமடையில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். 1992-லேயே லினக்ஸை சி++ கம்பைலரில் ஓட்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். விதிவிலக்குக் கையாளுதல் நம்பத்தகுந்ததாக இல்லை, முதுகுக்குப் பின்னால் நினைவகம் ஒதுக்கும் மொழி கெர்னலுக்கு ஆகாது என்று 2004-ல் டோர்வால்ட்ஸ் தன் வழக்கமான கடுமையோடு சொன்னார். இன்றுவரை லினக்ஸ் கெர்னலுக்குள் சி++ கிடையாது. மூல் தனிக் கிளையாகவே நின்றது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புது கெர்னல் வரும் இடத்தில் தனிக்கிளையைத் தாங்கிப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

நியாயமாகச் சொன்னால் மூல் ஜெயித்திருந்தாலும் பாதுகாப்புப் பிரச்சினை முழுசாகத் தீர்ந்திருக்காது. விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொடுவதை சி++ தடுக்காது. தன் பாதுகாப்புத் திருத்தங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. ரஸ்ட் மொழி அந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கம்பைல் ஆகும்போதே மறிக்கிறது. 2021 ஏப்ரலில் முன்மொழிந்தார்கள், 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட் உள்ளே வந்தது.

அதுவும் சும்மா வரவில்லை. இரண்டு மொழியில் இருந்தால் யார் பராமரிப்பது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. இருபது வருஷம் ஒரு குறிமுறையைத் தூக்கிச் சுமந்தவர்கள் கேட்பதால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனசில்லை. 2024 ஆகஸ்டில் ரஸ்ட் அணியின் முக்கியமான ஒருவர் சலித்துப்போய் விலகினார். 2025 ஜனவரியில் கிறிஸ்டோஃப் ஹெல்விக், தான் அப்போது கவனித்துவந்த டிஎம்ஏ பகுதிக்கான ரஸ்ட் உறையை எதிர்த்தார். ரஸ்ட் வேண்டாம் என்பவர் அதைத் தொட வேண்டியதில்லை, ஆனால் தன் பகுதியைப் பயன்படுத்தும் ரஸ்ட் குறிமுறை வேறிடத்தில் இருப்பதை அவர் தடுக்கவும் முடியாது என்று டோர்வால்ட்ஸ் தீர்த்துவைத்தார். நல்ல தீர்ப்பு, கொஞ்சம் தாமதமான தீர்ப்பு.

2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயாவுக்கு மாறுவதாகச் செய்தி வந்தபோதும் 'சொந்த ஓஎஸ்' என்ற பெருமைதான் முன்னால் நின்றது. எங்கிருந்து திருத்தங்கள் வரும், எத்தனை நாளில் கடைமடைக்கு வந்துசேரும் என்று யாரும் பெரிதாகக் கேட்டமாதிரி தெரியவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சுருக்கிச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சரிப்பா, அந்தத் தலைப்புல நம்ம ஆளு எவனாவது நிக்கிறானா?"

நிற்கிறார்கள் சித்தப்பா. ப்ராசசரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிபியூஃப்ரெக் பகுதியைப் பராமரிப்பவர்களில் ஒருவர் விரேஷ் குமார், இந்தியர். அந்தப் பகுதிக்கு ரஸ்டில் எழுதியதை 2024-ல் முதலில் முன்வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கேள்வி, பதில், திருத்தம். 2025 ஜூலையில் வந்த 6.16-ல் சேர்த்துக்கொண்டார்கள்.