ஒளிரும் எதிர்ப்பொருள் முறையின் வரலாறு

திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே உள்ளது என்பதை, அதனுடன் மட்டுமே இணையும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றிக் கண்டறிவது ஒளிரும் எதிர்ப்பொருள் முறை எனப்படும். இதை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ் (1912–1978) ஆவார்.

எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. அதற்கு நிறமில்லை, எனவே அது எங்கே போய் ஒட்டியது என்று நுண்ணோக்கியில் தெரியாது. 1934இல் இங்கிலாந்தின் ஜான் மாராக் எதிர்ப்பொருளுடன் சிவப்புச் சாயத்தை இணைத்துக் காட்டினார். ஆனால் மெல்லிய திசுச் சீவலில் இத்தகைய நிறம் கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கலாக இருந்தது.

கூன்ஸ் 1939இல் பெர்லின் சென்றிருந்தபோது வாதக் காய்ச்சலைப் பற்றிச் சிந்தித்தார். அதற்குக் காரணமான கிருமியின் பொருள்கள் நோயுற்ற திசுவில் உள்ளனவா என்று நேரில் பார்க்க வழியில்லை. பகலில் தெரியாத விண்மீன் இரவில் தெரிவதுபோல, தானே ஒளிரும் சாயமாக இருந்தால் இருண்ட பின்னணியில் சிறிதளவும் புலப்படும் அல்லவா?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்களுடன் இணைந்து, முதலில் ஆந்த்ரசீன் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தினார். புற ஊதாக் கதிர் பட்டதும் நியூமோகாக்கஸ் கிருமிகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தன. 1941இல் இது வெளியானது. எனினும் திசுவுக்கே இயல்பான நீல ஒளிர்வு உண்டு. நீலத்தில் நீலத்தைப் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே 1871இல் அடோல்ஃப் வான் பேயர் தயாரித்த, பச்சையாக ஒளிரும் ஃபுளோரெசினுக்கு மாறினார். 1942இல், தொற்றுக்குள்ளான சுண்டெலியின் திசுக்களில் கிருமியின் பொருள் இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

அதன்பின் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. கூன்ஸ் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய பிறகே ஆய்வு தொடர்ந்தது. அப்போதும் முறை பரவவில்லை. ஃபுளோரெசின் ஐசோசயனேட்டைத் தயாரிக்க, முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் தேவைப்பட்டது. தயாரித்ததும் விரைவில் கெட்டுவிடும்.

1958இல் ரிக்ஸ் குழுவினர் ஃபுளோரெசின் ஐசோதயோசயனேட்டை அறிமுகப்படுத்தினர். இது நிலையானது, புட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம். அதன் பின்னரே சாதாரண ஆய்வகங்களுக்கும் இம்முறை எட்டியது. அதே ஆண்டில், வெறிநாய்க்கடி நோயுற்ற விலங்கின் மூளைத் திசுவில் வைரசைக் கண்டறியவும் இம்முறை பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. 1959இல் கூன்ஸ் லாஸ்கர் விருது பெற்றார்.

எண்ணம் 1939இல் பிறந்தது. அது எல்லார் கைக்கும் வர, கெடாத ஒரு சாயத்துக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.