திரை இங்கே, கணிப்பொறி எங்கே?

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியுடன் தொடங்குகிறேன். மாணவர் ஒருவர் தம் வீட்டில் இருந்தபடியே ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியின் திரையைத் தம் திரையில் வரவழைத்து, கணக்கு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள்களாக ஓடிய கணக்கு அது. திடீரெனப் படம் உறைந்து நின்றது. எந்த விசையை அழுத்தியும் அசைவில்லை. கணிப்பொறி நின்றுவிட்டது என்று எண்ணிய அவர், ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடச் சொன்னார். உண்மையில் கணிப்பொறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடையிலிருந்த இணைப்பு மட்டுமே அறுந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திய அந்த நொடியில்தான் இரண்டு நாள் உழைப்பும் பாழாயிற்று.

இத்தகைய தவறு நேராமல் இருக்க வேண்டுமானால், திரையும் கணிப்பொறியும் எவ்வாறு பிரிந்தன என்ற வரலாற்றை நாம் சற்று அறிந்திருக்க வேண்டும்.

நுண்ணலையில் வந்த படம்

1968 டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடிய அரங்கில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். அவர் கையில் இருந்தவை விசைப்பலகையும், அவருடைய ஆய்வுக் குழு உருவாக்கிய ‘மவுஸ்’ என்னும் கருவியும். கணிப்பொறியோ சுமார் 48 கி.மீ. தொலைவில் மென்லோ பார்க் ஊரில் இருந்தது. அங்கே ஒரு சிறிய படக்குழாயில் தோன்றிய எழுத்துகளைத் தொலைக்காட்சிக் காமிரா படம்பிடித்தது. அந்தப் படம் நுண்ணலைகளின் வழியே அரங்கத்தை அடைந்தது. அவருடைய கட்டளைகள் நொடிக்கு 1,200 பிட் அளவில், மோடம் வழியாகத் திரும்பிச் சென்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படம் வருவதற்கு அகலமான பாதை வேண்டியிருந்தது. கட்டளை போவதற்கு ஒற்றையடிப் பாதையே போதுமானதாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் அனைவரும் இந்த ஏற்றத்தாழ்வோடுதான் போராட வேண்டியிருந்தது.

கோலமா, கோலத்தின் விதியா?

தொலைவில் உள்ள ஒருவருக்கு ஒரு கோலத்தை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஏழு புள்ளி வை, இதையும் அதையும் இணை” என்று சொல்லி அவரையே போடச் செய்யலாம். அல்லது போட்டு முடித்த கோலத்தைப் படமெடுத்து அனுப்பலாம்.

முதல் வழியைப் பின்பற்றியது ‘எக்ஸ்’ என்னும் சாளர அமைப்பு. 1984-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரின் முயற்சியில் இது பிறந்தது. இதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. “இங்கே கோடு வரை, அங்கே எழுத்தை இடு” என்ற கட்டளைகளே கம்பியில் சென்றன. எனவே ஒரே வளாகத்துக்குள் இது நன்றாக வேலை செய்தது.

ஆனால் நிரலும் திரையும் அடிக்கடி கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்திருக்கும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 5,600 கி.மீ. என்றால், போய்வர 56 மில்லி நொடி ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக 100 கேள்விகள் கேட்டால் 5.6 நொடி காத்திருப்பு! எவ்வளவு பணம் செலவழித்தாலும் ஒளியை இதைவிட விரைவாக ஓட்ட முடியாது. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இணைப்பு அறுந்தால், பொதுவாக நிரலும் அத்துடன் மடிந்துவிடும்.

கேம்பிரிட்ஜ் கண்ட வழி

இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள். டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். ‘வர்ச்சுவல் நெட்வொர்க் கம்ப்யூட்டிங்’, சுருக்கமாக வி.என்.சி., என்பது அதன் பெயர். மூலநிரலையும் இலவசமாக வெளியிட்டனர்.

இதில் படம் முழுவதும் தொலைவிலுள்ள கணிப்பொறியின் நினைவகத்திலேயே தயாராகிறது. நம் முன்னுள்ள திரை வெறும் சாளரமே. “மாறியது என்ன?” என்று அது கேட்கும், மாறிய சதுரங்கள் மட்டும் வரும். ஒரு பகுதி அப்படியே இடம் பெயர்ந்தால், “அங்கிருப்பதை இங்கே நகலெடு” என்ற செய்தி 20 பைட்டுகளில் அடங்கிவிடும். இணைப்பு அறுந்தாலும் படமும் வேலையும் அங்கே பத்திரமாக இருக்கும். வேறோர் ஊரிலிருந்து மீண்டும் இணைந்து, பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கலாம். 2002-இல் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. அவர்களுடைய முறை நிலைத்துவிட்டது.

நோயை அறிவது எப்படி?

இப்போது நம் திரையின் கோளாறுகளைப் பிரித்தறியலாம்.

படம் துண்டு துண்டாக, மெதுவாக நிரம்புகிறதா? பாதை குறுகலானது என்று பொருள். 1024 × 768 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு 24 பிட் வீதம், சுமார் 1.9 கோடி பிட்கள் உள்ளன. சுருக்காமல் அனுப்பினால், நொடிக்கு 56,000 பிட் செல்லும் மோடத்தில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நிறத்தை 8 பிட்டாகக் குறைத்தால் சுமை மூன்றில் ஒரு பங்காகும்.

படம் முழுமையாக வருகிறது, ஆனால் தட்டிய எழுத்து தாமதித்துத் தோன்றுகிறதா? இது போய்வரும் நேரத்தின் குற்றம். தொலைவே காரணமானால், நிறத்தைக் குறைத்துப் பெரும்பயன் இல்லை.

இணைப்பு நன்றாக இருந்தும் திரை வெறும் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கிறதா? வலைப்பின்னலைக் குறைகூற வேண்டாம். அங்கே இருக்கும் வெறுமையைத்தான் அது உண்மையாகக் கொண்டுவந்து காட்டுகிறது. தொலைவிலுள்ள கணிப்பொறியில் மேசைத்திரை நிரல் தொடங்கியதா என்று பாருங்கள்.

படம் உறைந்துவிட்டதா? முதலில் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். மின்விசையில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

அந்த மாணவர் தம் கணக்கை மீண்டும் தொடங்கினார். மூன்றாம் நாள் படம் மறுபடியும் உறைந்தது. இம்முறை அவர் யாரையும் அழைக்கவில்லை. இணைப்பைப் புதுப்பித்தார். திரையில் கணக்கு முடிந்து, விடை காத்திருந்தது.