அச்சம் நீங்கிய பாதை

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையென நபி (ஸல்) அவர்களிடம் கற்றவர்கள் நாம். ஆயினும் இந்தியச் சாலைகளில் அடிபட்டவரைக் கண்டும் பலர் விலகிச் சென்றனர். காவல் நிலையம், நீதிமன்றம் என அலைய நேருமோ என்ற அச்சமே பெரிதும் காரணம். மருத்துவமனைகளும் அஞ்சின. கார் மோதிய ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து, 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொன்றுக்கு அனுப்பியது; வழியிலேயே அவர் இறந்தார். அதை முன்வைத்து பர்மானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், உயிர்காப்பதே மருத்துவரின் முதற்கடமை என 1989இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவுவோருக்கான பாதுகாப்பு நெறிகளை 2016இல் அந்நீதிமன்றமே உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பைச் சேர்த்தது. உதவியவரிடம் பெயர், முகவரி கேட்டு எவரும் வற்புறுத்தலாகாது.

அஞ்சுவதற்கிருந்த காரணத்தைச் சட்டம் நீக்கிவிட்டது. இனி நாம் நின்று உதவுவோமாக.