ஆங்கில வினைவடிவப் பயிற்சி (தமிழ்நாடு)

ஆங்கில வினைச்சொற்களைக் காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப மாற்றி வழங்கக் கற்பிக்கும் பயிற்சி. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ‘வி1, வி2, வி3’ (வினையின் முதல், இரண்டாம், மூன்றாம் வடிவங்கள்) என்று அறியப்படுகிறது. ‘கோ, வென்ட், கான்’ என ராகம் போட்டு ஒப்பிப்பது இதன் பரவலான வடிவம்.

வரலாறு

இப்பயிற்சிக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது 1930களில் வெளியான ரென், மார்ட்டின் இலக்கண நூல். பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர்.

1950களின் இறுதியில் சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தருவது ஏற்பாடு. ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இது ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ எனப்படுகிறது. விதியை எழுதிப்போடாமல், ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்று சொல்லிக்காட்டுவது இதில் கற்றுத்தரப்பட்ட முறையின் பாணி. மூலப்பயிற்சியின் சாரம் கைமாறக் கைமாறக் கரைந்து, பல பள்ளிகளில் வாய்பாடுதான் மிஞ்சியது.

மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நேர்மாறாக முயன்றார். இலக்கணம் நடத்தாமல், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னார். பின்னர் நடந்த மதிப்பீட்டில் இலக்கண அமைப்புத் தேர்வில் மட்டும் பழைய முறை மாணவர்கள் முந்தினர்.

பிழைகளின் தோற்றம்

‘வந்தாயா’ என்னும்போது இறந்தகாலத் தகர ஒற்று வினைக்குள்ளேயே நிற்கிறது. அப்பழக்கத்தில் ‘டிட் யூ கேம்’ பிறக்கிறது. ஆனால் ‘வரவில்லை’ என்பதில் ‘வர’ காலம் காட்டுவதில்லை; ‘டிட் நாட் கம்’ என்பதும் அப்படியே.

சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை தேடி நேர்முகத்துக்குப் போகிறவருக்கு இடறுவது வேறொன்று. ‘இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்கிறார். தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலம் ‘ஹாவ் பீன்’ கேட்கிறது. ‘சின்ஸ்’ இருக்குமிடத்தில் ‘ஃபார்’ வரவேண்டும். வி1, வி2, வி3 முழுதும் மனப்பாடமானவரும் தப்புவதில்லை.

இன்றைய நிலை

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பேச்சு ஆங்கிலப் பயிற்சியும் தருகிறது. அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் தனியார் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் உள்ளன.