விடுமுறையில் துறந்த பதவி

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த வாக்கு. அந்தக் கோறணமேந்தின் உயர்படியொன்றில் நின்றவர், வேறு வேலை எதுவும் கைவசம் இல்லாத நிலையிலேயே அதனைத் துறந்தார். அவர்தான் லெனார்ட் வூல்வ்.

கேம்பிரிட்ஜில் பயின்ற வூல்வ், இலங்கை சிவில் சேவை உத்தியோகத்தராக 1904 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அங்கு இரண்டரை ஆண்டுகளும் கண்டியில் ஓராண்டும் கடமையாற்றியபின், 1908இல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். வழக்குகளை விசாரித்ததும், உப்புச் சேகரிப்பை மேற்பார்வை செய்ததும், கால்நடைகளுக்குக் கொள்ளைநோய் பரவியபோது கட்டாக்காலி மாடுகளைச் சுட உத்தரவிட்டதும் அவரே.

1911 மே மாதம் ஓராண்டு விடுமுறையில் அவர் இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு வயது 30. அந்த ஓய்வுக் காலத்திலேயே, அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றை மையமாகக் கொண்ட நாவலை எழுதத் தொடங்கினார். கிராமத் தலைமைக்காரனும் கடன் கொடுப்பவனும் சேர்ந்து சிலிந்து என்ற ஏழை வேட்டைக்காரனின் குடும்பத்தை அழிப்பதே அதன் கதை. அதிகாரியாக நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தவர், இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவனின் பக்கமிருந்து அந்த நீதிமன்றத்தைப் பார்த்தார்.

1912 ஜனவரியில் வேர்ஜினியா ஸ்டீபனிடம் தம்மை மணக்குமாறு கேட்டார். உடனடிச் சம்மதம் கிடைக்கவில்லை. விடுமுறையை நான்கு மாதங்கள் நீடிக்குமாறு விண்ணப்பித்தபோது, குடியேற்ற நாட்டு அலுவலகம் காரணம் கேட்டது. சொந்த விடயம் என்பதற்கு மேல் விளக்கம் தர மறுத்து, ஏப்ரலில் இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். வேர்ஜினியா சம்மதித்தது மே மாத இறுதியில்தான். ஆகவே, திருமணம் உறுதியான பின்னர் எடுத்த முடிவல்ல அது. குதிரைப் பந்தயச் சீட்டில் முன்னர் வென்ற 690 பவுண் அவருக்குச் சற்றுத் துணையாயிற்று. அடுத்துக் கிடைத்த வேலை, லண்டனில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியொன்றின் செயலாளர் பதவி. சில மாதங்களுக்கு மட்டுமே. நாவல் 1913இல் வெளிவந்தது.

இந்த இடைவெளி தமிழர்களாகிய நமக்கும் தொடர்புடையதே. பின்னாளில் பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவின் செயலாளராக விளங்கிய வூல்வ், 1938இல் இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தம் குறித்து ஒரு குறிப்பாணை தயாரித்தார். சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக விரிவான அதிகாரப் பரவலாக்கத்தையோ, சுவிற்சர்லாந்து மாதிரியிலான சமஷ்டியையோ பரிசீலிக்க வேண்டும் என்று அதில் எழுதினார். 1948இல் சுதந்திரம் ஒற்றையாட்சியின் கீழேயே வந்தது. அதன் விளைவுகளை நாம் அறிவோம்.

1912 மே மாதம் விடுமுறை முடிந்ததும் கப்பலேறியிருந்தால், வூல்வ் ஒருவேளை ஆளுநராகவும் உயர்ந்திருக்கலாம். ஆனால் சேவையிலிருக்கும் அதிகாரி ஒருவர் அத்தகைய யோசனையை அவ்வளவு சுதந்திரமாக எழுதியிருக்க முடியாது. வேலைகளுக்கு இடைப்பட்ட காலத்தை வீண்காலம் என்று கருதுவோர் இந்த வரலாற்றையும் நினைவிற் கொள்வது நல்லது.